ஓட்டத்துக்கு முதலில் வேண்டியது பிளேடு அல்ல, சாக்கெட்

கேள்வி: எனக்கு வயது 27. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பைக் விபத்தில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முகாமில் கிடைத்த செயற்கைக்காலுடன் வேலைக்குப் போய் வருகிறேன். நடப்பதில் சிரமம் இல்லை. ஆனால் பத்தடி ஓடினாலே ஸ்டம்பின் (எடுத்தது போக மீதியுள்ள காலின்) நுனி இடிக்கிறது. பழக்கமான ஒருவர், ஓடுவதற்கென்று செய்யப்படும் வளைந்த பாதமான பிளேடுதான் ஒரே வழி என்றும், நான்கு லட்சத்தில் வெளிநாட்டு பிளேடு வாங்கித் தருவதாகவும் சொல்லி, ஒரு லட்சம் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். நுனி இடிப்பதற்குக் காரணம் கீழே இருக்கும் பாதம் அல்ல. மேலே, ஸ்டம்ப் உள்ளே உட்காரும் கிண்ணமான சாக்கெட். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஓராண்டுக்கும் மேலாக ஸ்டம்ப் சுருங்கிக்கொண்டே வரும். வீக்கம் வடியும், வேலையில்லாத தசை மெலியும். அளவெடுத்த நாளில் இருந்த பருமன் இன்று உங்களுக்கு இருக்காது. அதனால், முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாணும் சுற்றுச் சதையும் தாங்க வேண்டிய பாரத்தை அவை தாங்காமல், ஸ்டம்ப் சாக்கெட்டுக்குள் இறங்கி, எலும்பு நுனி அடியில் போய் மோதுகிறது. நடக்கும்போது இதைச் சமாளித்துவிடலாம். ஓடும்போது இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்பி இறங்குவதால், உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை ஒரே காலில் விழுகிறது. அதுவரை மறைந்திருந்த தளர்வெல்லாம் அப்போதுதான் தெரியவரும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பட்டாணி அளவு களிமண்ணை மெல்லிய பாலித்தீன் தாளில் சுற்றி, சாக்கெட்டின் அடியில் போட்டு, காலை அணிந்து, முழு எடையையும் ஊன்றி நின்றுவிட்டுக் கழற்றுங்கள். உருண்டை தகடாக நசுங்கியிருந்தால் ஸ்டம்ப் அளவுக்கு மீறி இறங்குகிறது என்று பொருள். ஸ்டம்பின்மேல் ஒரு சாக்ஸ் கூட்டிப் போட்டு மறுபடி பாருங்கள். கனமான சாக்ஸ் இரண்டு மூன்று போட்ட பிறகும் நசுங்கினால், உங்களுக்கு வேண்டியது புதிய சாக்கெட்.

அந்த நண்பர் இதையெல்லாம் உங்களிடம் சொன்னாரா? உங்கள் எடையையாவது கேட்டாரா? பிளேடு என்பது கார்பன் இழையால் ஆன வில். 1980-களில் அதை உருவாக்கிய அமெரிக்கர் வான் பிலிப்ஸும் ஒரு காலை இழந்தவர்தான். அழுத்தும் விசையை அது திருப்பித் தருமே தவிர, தானாக விசையை உண்டாக்காது. அணிபவரின் எடைக்கும் ஓடும் வேகத்துக்கும் ஏற்ற விறைப்பில்தான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 80 கிலோ ஆளுக்கான பிளேடு 60 கிலோ ஆளுக்கு வளைந்துகொடுக்காது. குதிகால் இல்லாததால் அதை மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்பதே கடினம், வேலைக்கு அணிந்துபோக முடியாது. பொதுவாக அதற்கென்று தனி சாக்கெட்டும் செய்ய வேண்டியிருக்கும். தரகர்கள் சொல்லும் விலையில் இந்த சாக்கெட் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. முன்பணம் கைமாறிய பிறகுதான் அந்தப் பேச்சே எழும். எவரோ பயன்படுத்திக் கழித்த பிளேடைத் துடைத்துப் புதிது என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். யாராக இருந்தாலும், ஸ்டம்பைத் தொட்டுப் பார்த்து அளவெடுப்பவரின் இந்திய மறுவாழ்வுக் குழுமப் பதிவு எண்ணைக் கேளுங்கள். தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், எடைப் பிரிவு, உத்தரவாதக் காலம் ஆகியவை இல்லாத ரசீதுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

பணத்துக்கு வேறு வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். விபத்து இழப்பீட்டு வழக்கு இன்னும் முடியவில்லை என்றால், செயற்கைக்காலின் விலையோடு பராமரிப்புச் செலவையும் கோரும்படி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். 2022-இல் உச்ச நீதிமன்றம் இவை இரண்டுக்கும் தனித்தனியாகத் தொகை வழங்கியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்தில் அதே உதவியை மறுபடி பெற மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மாதத்துக்கு மாதம் சுருங்கும் ஸ்டம்புக்கு மூன்று ஆண்டுக் கெடு வைத்தவர்கள் ஒரு செயற்கைக்காலையாவது அருகில் பார்த்திருப்பார்களா என்று தெரியவில்லை. மேடையில் கால் வழங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் முகாம்கள், ஒரு மாதம் கழித்து அது பொருந்துகிறதா என்று பார்க்க ஓர் ஆளை அனுப்பியிருந்தால், இந்தக் கேள்வியை நீங்கள் எழுத வேண்டியே வந்திருக்காது.

சர்க்கரை நோயால் காலை இழந்தவர்களுக்கு மேலே சொன்னது எதுவும் அப்படியே பொருந்தாது. உங்களுக்கு இடித்தால் வலிக்கிறது, நின்றுவிடுகிறீர்கள். அவர்களில் பலருக்கு உணர்வு மழுங்கியிருப்பதால், சாக்ஸில் ரத்தத்தைப் பார்க்கும்வரை புண் இருப்பதே தெரியாது. அவர்களின் நல்ல காலும் ஆபத்தில்தான் இருக்கிறது. ஓடப் போய் அந்தப் பாதத்தில் வரும் ஒரு கொப்புளம் அந்தக் காலையும் பறிக்கக்கூடும். ஆகவே மருத்துவர் இரண்டு கால்களின் ரத்த ஓட்டத்தையும் உணர்வையும் சோதித்து அனுமதிக்கும்வரை அவர்கள் ஓடவே கூடாது. உங்களுக்குச் சர்க்கரை இல்லை என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாமல், ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

சாக்கெட் சரியான பிறகு, இப்போதுள்ள காலிலேயே மெல்லோட்டம் பழகத் தொடங்கலாம். கனடாவின் டெரி ஃபாக்ஸ், முழங்காலுக்கு மேலே காலை இழந்தவர், 1980-இல் பிளேடு இல்லாமலே 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். ஸ்டம்ப் புண்ணாகி ரத்தம் கசியக் கசிய ஓடியவர் அவர். அதை நீங்கள் பின்பற்ற வேண்டாம். நடைக்கான பாதம் கிலோமீட்டர் கணக்கில் ஓடுவதற்குச் செய்யப்பட்டதும் அல்ல.

தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தவறு, செயற்கைக்கால் தரையைத் தொட்டதுமே பயந்து நல்ல காலுக்குத் தாவிவிடுவது. செயற்கைக்காலை இடுப்புக்கு நேர் கீழே ஊன்றி, தொடையைப் பின்னோக்கி அழுத்தித் தள்ளுங்கள். அப்போதுதான் நல்ல காலுக்கு நீண்ட எட்டு எடுத்துவைக்க நேரம் கிடைக்கும். இரண்டு எட்டும் சமமான பிறகே கைவீச்சைக் கவனியுங்கள். சமமான மண் தரையில், ஒருநாள் விட்டு ஒருநாள், நூறடி ஓட்டமும் நூறடி நடையுமாகப் போதும். நம் ஊர் வெயிலில் வியர்வையால், ஸ்டம்பின்மேல் மாட்டும் மெத்தென்ற உறையான லைனர் வழுக்கும். இடையில் கழற்றித் துடைத்துவிட்டு அணியுங்கள். ஓடி முடித்ததும் ஸ்டம்பைப் பாருங்கள். சிவப்பு பத்து நிமிடத்தில் மறையாவிட்டால் அடுத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு சாக்கெட் செய்தவரிடம் போங்கள்.

சில மாதங்கள் இப்படிப் பழகிய பிறகும் வேகம் போதவில்லை என்று தோன்றினால், அப்போது பிளேடைப் பற்றிப் பேசலாம். அணிந்து ஓடிப் பார்க்க விடாத இடத்தில் மட்டும் வாங்காதீர்கள்.