பங்காளி வீட்டுச் சுவரோரம் ஓர் அறை

கேள்வி: வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். வீடு 1998-ல் அப்பா கட்டியது. செங்கல் சுவர், கான்கிரீட் தளம், மாடி கிடையாது. அம்மாவுக்கு மூட்டுவலி. கிழக்கே காலியாகக் கிடக்கும் 14 அடியில் குளியலறையோடு ஓர் அறை கட்ட நினைக்கிறோம். அந்தப் பக்கம் பெரியப்பா மகன் வீடு, நடுவில் ஒரு மதில். அண்ணன் வீட்டு அடுப்படி ஜன்னல் எங்கள் பக்கம் பார்த்து இருக்கிறது. ‘மதில் மேலேயே சுவரை ஏத்திடலாம், ஒரு சுவர் மிச்சம்’ என்கிறார் மேஸ்திரி. ஆவணியில் தொடங்க நாள் பார்த்துவிட்டோம். என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: மதில் மேல் சுவர் ஏற்ற வேண்டாம். அந்த மதிலின் கடைக்கால், அதாவது அஸ்திவாரம், ஒன்றரை அடி ஆழம் இருந்தாலே அதிகம். தன் பாரத்தைத் தாங்கி நிற்பதற்காகக் கட்டியது அது; தளத்தின் பாரத்தைக் கொண்டுபோய் அதன் தலையில் வைத்தால் இரண்டு மழைக்குள் இறங்கும். இன்னொன்று, மதில் நிற்கிற இடம்தான் எல்லை என்று யார் சொன்னது? நம் ஊர்களில் மதில்கள் வேலியைப் பார்த்துக் கட்டியவை, வேலிகள் வரப்பைப் பார்த்துப் போட்டவை. பட்டாவையும் புல வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்டு, அரசு நில அளவருக்கு மனுப் போட்டு அளந்துவிடுங்கள். ஊர் நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) என்றால் நத்தம் பட்டாவில் உள்ள அளவைப் பாருங்கள். அளக்கும்போது அண்ணனும் கூட நிற்கட்டும். கல் நட்ட பிறகு அவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தால், கல் சரியான இடத்திலேயே நின்றாலும் சண்டைதான்.

எல்லையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிக் கட்டுங்கள். 14 அடியில் மூணேகால் அடி போனால் பத்தே முக்கால் அடி. வெளிச் சுவர் முக்கால் அடி போக, உள்ளே பத்தடிக்குக் கொஞ்சம் குறைய நிற்கும். கட்டிலும் பீரோவும் போட்டு, கைத்தடியோடு அம்மா நடமாட அது போதும். விதிப்படி பக்கவாட்டில் விட வேண்டிய அளவு மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்தது. அதை ஊராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் என்று நான் சொல்வது மண்ணை வைத்து. பில்லருக்கு அடியில் நாலடிக்கு நாலடி ஃபுட்டிங் (அகன்ற கான்கிரீட் பாதம்) போட்டாலும் அது முழுக்க உங்கள் மனைக்குள்ளேயே அடங்கும். எல்லையை ஒட்டிப் பில்லர் போட்டால் ஃபுட்டிங்கின் பாதி அண்ணன் மண்ணுக்குள் போகும். போகாமல் இருக்க ஸ்ட்ராப் பீம் என்கிற இணைப்பு விட்டம் போட்டு உள்பக்கப் பில்லரோடு கட்டி இழுக்க வேண்டும். அது மேஸ்திரி மனக்கணக்கில் செய்கிற வேலை இல்லை.

அடுத்து, ஆவணி. நாள் நல்ல நாளாகவே இருக்கட்டும், ஆனால் மண் அப்போது உங்களுக்குச் சாதகமாக இருக்காது. ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். ஆவணியில் வாய்க்காலில் தண்ணீர் ஓடும், வயல் நிறைந்து கிடக்கும். நாலடி வானம் (கடைக்காலுக்கான பள்ளம்) தோண்டினாலே அடியில் ஊறும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை. வானத்தில் தண்ணீர் நின்றால் மேஸ்திரி என்ன செய்வார்? மோட்டார் வைப்பார். எனக்குப் பயம் அந்த மோட்டார்தான்.

கும்பகோணத்தை அடுத்த ஒரு வேலையில் நான் பார்த்தது. இரவெல்லாம் மோட்டார் ஓடியிருக்கிறது. காலையில் நான் போனபோது குழாயிலிருந்து கலங்கலாகக் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வாளியில் பிடித்து வைத்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அடியில் கட்டைவிரல் தடிமனுக்கு நைஸ் மணல் படிந்திருந்தது. அந்த மணல் பக்கத்து வீட்டுக் கடைக்காலுக்கு அடியிலிருந்து வந்தது. அன்று மாலையே அந்த வீட்டு நிலைக்கதவின் மேல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். மோட்டாரை நிறுத்தினோம், ஆனால் அந்த விரிசலைப் பூசியதும், அந்த வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்தியதும் தனிக்கதை. தண்ணீர் இறைக்காமல் முடியாது என்றால் முதலில் வாளியைப் பாருங்கள். தெளிவாக வந்தால் சரி, கலங்கினால் நிறுத்திவிடுங்கள்.

ஆகவே ஆவணியில் பூஜை போட்டுக்கொள்ளுங்கள், கடப்பாரையை மாசியில் எடுங்கள். மாசி 22 வாஸ்து நாள்தான், வீட்டில் சொல்லிப் பாருங்கள். சம்பா அறுப்பும் முடிந்திருக்கும், ஆளும் கிடைக்கும். சித்திரை, வைகாசிக்குத் தள்ளவும் வேண்டாம். நம் களிமண் அப்போது கைவிரல் போகும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அப்படிச் சுருங்கிய மண்ணில் போட்ட கடைக்காலை மழைக்காலத்தில் உப்புகிற மண் தூக்கும்.

தோண்டும்போதும் ஒரேயடியாக நீளமாகத் தோண்டாமல், நாலைந்தடித் துண்டுகளாக ஒன்று விட்டு ஒன்று தோண்டி முடிக்கச் சொல்லுங்கள். அண்ணன் வீட்டுக் கடைக்காலின் அடிமட்டத்துக்குக் கீழே போக வேண்டாம். உங்கள் மண்ணை நீங்கள் தோண்டி அவர் மண் சரிந்தால், 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி பொறுப்பு உங்களுடையது. களி ஆழமாக இருந்தால், அடியில் குமிழ் போல அகன்ற பைல்களை (மண்ணுக்குள் இறங்கும் கான்கிரீட் தூண்களை) மூன்றரை மீட்டர் ஆழத்துக்கு இறக்கி மேலே பீம் போடலாம். நீளமாக வானம் தோண்டும் வேலையும் மிச்சம். மண்ணைப் பார்த்து ஓர் இன்ஜினீயர் சொல்லட்டும். அவருக்குக் கொடுக்கிற பணத்தில் கை வைக்காதீர்கள். தோண்டி எடுத்த களியை பேஸ்மென்டுக்குள், அதாவது தரைக்கு அடியில், திரும்பக் கொட்டுவதும் இங்கே வழக்கம். தரை ஓடு எழும்பி நிற்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். உள்ளே மணலோ கிராவலோ கொட்டி, அரையடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு இடித்து நிரப்புங்கள்.

பழைய வீட்டோடு புது அறையைக் கம்பி போட்டுப் பிணைக்க வேண்டாம். பழையது இறங்க வேண்டியது எல்லாம் இறங்கி நிலைத்துவிட்டது, புதியது இனிமேல்தான் இறங்கும். நடுவில் ஓர் அங்குல இடைவெளி விட்டு, புதுத் தளம் தன் பில்லர்களிலேயே நிற்கட்டும்; மேலே மழை இறங்காதபடி மூடிவிடலாம். உள்ளே போகும் வாசலை, இப்போது ஜன்னல் இருக்கிற இடத்தில் கீழே இடித்து எடுங்கள். மேலே லிண்டல் (சுவரைத் தாங்கும் கான்கிரீட் விட்டம்) ஏற்கெனவே இருக்கிறது, புதிதாகச் சுவரைக் குடைய வேண்டியதில்லை.

அண்ணன் ஜன்னலை அசட்டையாக விடாதீர்கள். 20 ஆண்டு தடையில்லாமல் அனுபவித்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் அதே சட்டத்தில் உரிமை உண்டு. ஒரு மீட்டர் இடைவெளி இருந்தாலும் அவர் அடுப்படி கொஞ்சம் இருட்டத்தான் செய்யும். வரைபடத்தை அவரிடம் காட்டி, குளியலறையை அந்த ஜன்னலுக்கு நேரே வைக்காமல் பின்னால் தள்ளுங்கள். உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றுக்கோ போருக்கோ குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், அது யாருடைய போர் என்றாலும். வேலை தொடங்கும் முன் அவர் வீட்டுச் சுவர்களை அவரையும் வைத்துக்கொண்டே படம் எடுங்கள். இருக்கிற விரிசல்களின் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பிறகு எது பழசு, எது புதுசு என்ற பேச்சே வராது.

அனுமதி: 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ ஒரு மாடியோ கட்டுகிறவர்கள் சுயசான்று கொடுத்து இணையத்திலேயே உடனே அனுமதி பெறும் முறை 2024 ஜூலையில் வந்தது. ஏற்கெனவே உள்ள வீட்டில் அறை சேர்ப்பதற்கு எந்த வழி என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்டு அதன்படி செய்யுங்கள். சான்று கொடுப்பது நீங்கள், அதில் உள்ள அளவு தப்பாக இருந்தால் மாட்டுவதும் நீங்கள்.

இனி மேஸ்திரி. போன மாதம் முடித்த வீட்டைக் காட்டினால் பார்க்காதீர்கள், புதுப் பெயின்டில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். மூன்று மழை பார்த்த வீட்டைக் கேளுங்கள். லேபர் மட்டும் என்றால் சிமென்ட், கம்பி உங்கள் கையில். ஆனால் தினமும் ஒருவர் நிற்க வேண்டும். பொருளோடு சதுர அடிக் கணக்கில் கொடுத்தால் சன்ஷேடு, பரண், கைப்பிடிச் சுவர், செப்டிக் டேங்க், மண் நிரப்புதல் எல்லாம் அதில் சேர்த்தியா என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள். பணம் தேதிக்கு வேண்டாம், வேலைக்குக் கொடுங்கள்: பேஸ்மென்ட், லிண்டல், தளம், பூச்சு என்று. பத்தில் ஒரு பங்கை அடுத்த கார்த்திகை வரை பிடித்து வையுங்கள். முகம் சுளிப்பார், பரவாயில்லை.

தளம் போட்டபின் அடியில் கொடுத்த முட்டுக் கம்புகளை ஒரு வாரத்துக்கு முன் எடுக்க விடாதீர்கள். பீமுக்கு அடியில் இரண்டு வாரம். நாம் வாங்குவது பெரும்பாலும் பிபிசி (PPC) என்கிற, சாம்பல் கலந்த சிமென்ட், அதற்குப் பத்து நாளாவது தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். வெளிச் சுவரைப் பூசாமல் விட்டுவிடுவதும் இங்கே வழக்கம், பங்காளி மனையில் சாரம் கட்ட முடியாது என்று. உங்களுக்கு அந்தச் சாக்கு இல்லை. ஒரு மீட்டர் விட்டிருப்பதால் சாரம் உங்கள் மண்ணிலேயே நிற்கும்.