பியானோவில் எஃப் மேஜர் ஸ்கேலில் வலது கை பி ஃபிளாட்டில் தடுக்குவது ஏன்?

கட்டைவிரலை பி ஃபிளாட் என்ற கருப்புக் கட்டையில் வைக்காதீங்க. அதைத் தாண்டி சி-யில் வையுங்க. விரல் எண்கள்: கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. வலது கைக்கு ஒரு ஆக்டேவ் (எஃப் முதல் அடுத்த எஃப் வரை): 1-2-3-4, 1-2-3-4. இரண்டு ஆக்டேவ் என்றால் 1234-123-1234-123, கடைசி எஃப் மட்டும் 4.

சி மேஜர் சரியாக வந்து இது மட்டும் தடுக்குகிறது என்கிறீங்க. பெரும்பாலும் சி மேஜரின் 1-2-3-1 பழக்கம்தான் காரணம். அதில் நான்காவது ஸ்வரத்துக்குக் கட்டைவிரல் வரும்; இங்கே அந்த இடம் கருப்புக் கட்டை. குட்டையான விரல் அதை எட்ட, கை முழுக்க உள்ளே போய்விடும்.

சோதித்துப் பாருங்க: எஃப்-ஜி-ஏ-பி ஃபிளாட் நான்கையும் ஒரே அழுத்தில், அடுத்து சி-டி-இ மூன்றையும் ஒரே அழுத்தில். கேட்க நாராசமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். இடம் மாறும்போது முழங்கை மேலே எழுந்தால், கட்டைவிரல் தாமதமாகக் கிளம்புகிறது. இரண்டாம் விரல் ஜி-யை அழுத்தியதுமே அது உள்ளே நகரத் தொடங்கணும். பிறகு மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 அடி, அடிக்கு ஒரு ஸ்வரம்.

இறங்கும்போது சி-க்குப் பிறகு தாண்டி வருவது 4-ஆம் விரல்; 3 அல்ல. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

இடது கைக்கு இது பொருந்தாது. அங்கே சி மேஜரின் 5-4-3-2-1-3-2-1 அப்படியே. ஆர்பெஜியோவும் (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது) வேறு: எஃப்-ஏ-சி-எஃப், வலது கையில் 1-2-3-5.