பத்து நாளில் சுப்பீரியர் ஏரிக்கரை: பிள்ளைகளோடும் மாமியோடும் கூடாரம் போட்டுத் தங்கிப் போய் வருவது எப்படி?

ஓகஸ்ட் மாதம் பத்து நாள் லீவு, ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள், எழுபது தாண்டிய மாமி, ஒரு மினிவான். ரொறன்ரோவில் இருந்து சுப்பீரியர் ஏரிக்கரையோடு தண்டர் பே வரை, ஒவ்வொரு இரவும் ஒவ்வோர் இடத்தில் கூடாரம் போட்டுப் போய் வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் போங்கள், ஆனால் இந்த முறை தண்டர் பேயை விட்டுவிடுங்கள், ஒவ்வொரு நாளும் இடம் மாறுகிற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். இது இரண்டையும் செய்து பார்த்து வருந்தியவன் சொல்வது.

எங்கள் முதல் பயணத்தில் ஏழு இரவுக்கு ஐந்து இடம் பதிந்திருந்தேன். வரைபடத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நடந்தது என்ன என்றால், காலை எழும்பிக் கூடாரம் மடிக்க இரண்டு மணித்தியாலம், பிறகு ஓட்டம், பின்னேரம் போய்ச் சேர்ந்து திரும்ப அடிக்க ஒன்றரை மணித்தியாலம், அதற்குள் பிள்ளைகளுக்குப் பசி, இருட்டு. ஐந்தாம் நாள் விடியப்புறம் மழை கொட்டிக்கொண்டிருக்க, நானும் மனைவியும் நனைந்த கூடாரத்தைக் குப்பைப் பைக்குள் அடைத்துக்கொண்டு நின்றோம், சின்னவள் வானுக்குள் இருந்து அழுதுகொண்டிருந்தாள், அன்றைக்கு இரவும் அதே ஈரத்துக்குள்தான் படுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தப் பயணத்தில் ஏரியைக் கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்ததுதான் கூட.

அடுத்த தடவை ஒரே இடத்தில் மூன்று இரவு இருந்தோம், அப்போதுதான் அந்தக் கரை என்ன என்று விளங்கியது.

முதலில் தூரத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் ஒன்ராறியோவின் அளவு தெற்கிலேயே இருந்து பழகிய எங்களுக்குப் பிடிபடாது. ரொறன்ரோவில் இருந்து சட்பரி ஏறத்தாழ 400 கிலோமீற்றர், அங்கிருந்து சூ சென் மேரி இன்னொரு 300. அதாவது 700 கிலோமீற்றர் ஓடிய பிறகுதான் சுப்பீரியர் ஏரியே தொடங்குகிறது. சூவில் இருந்து தண்டர் பே இன்னும் 700. போய்வர 2,800 கிலோமீற்றர், பெரும்பகுதி போக ஒரு பாதை வர ஒரு பாதை உள்ள 17ஆம் நெடுஞ்சாலை. பெரியவர்கள் மட்டும் என்றால் பத்து நாளில் முடிக்கலாம். ஆறு வயதுப் பிள்ளையோடும், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் இறங்கிக் காலை நீட்ட வேண்டிய மாமியோடும் அது ஓட்டப் போட்டியாகத்தான் முடியும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிப் போவேன். முதல் நாள் விடிய வெளிக்கிட்டு சட்பரியைத் தாண்டி மாசி என்ற சின்ன ஊரில் இருக்கும் சூட்ஸ் மாகாணப் பூங்காவில் ஓர் இரவு. ஐந்தரை, ஆறு மணித்தியால ஓட்டம், பூங்காவுக்குள்ளேயே நீர்வீழ்ச்சி இருக்கிறது, பிள்ளைகள் களைப்பை மறந்துவிடுவார்கள். இரண்டாம் நாள் சூவில் நிறுத்திச் சாமான் வாங்கிக்கொண்டு, அதற்கு வடக்கே 140 கிலோமீற்றரில் அகாவா பே. அங்கே மூன்று இரவு. பிறகு வாவா, வைட் ரிவர், மரத்தன் வழியாக ஏறத்தாழ 300 கிலோமீற்றர் போய் நேய்ஸ் மாகாணப் பூங்காவில் மூன்று இரவு. அதோடு திரும்புங்கள். எட்டாம் இரவு சூவில் மோட்டல் எடுங்கள், மாமிக்கு ஒரு நல்ல கட்டிலும் சுடுதண்ணீரும் கிடைக்கட்டும். ஒன்பதாம் இரவு பெரி சவுண்ட் பக்கம் கில்பெயர் பூங்கா, அல்லது நேரே வீட்டுக்கு.

அகாவா பேயில் ஏன் மூன்று இரவு என்று கேட்பீர்கள். அது சுப்பீரியர் ஏரி மாகாணப் பூங்காவுக்குள் இருக்கிறது, கூடாரத்தில் இருந்து கூழாங்கற்கரைக்குச் சில இடங்களில் இருபது அடிதான். நெடுஞ்சாலை பக்கத்திலேயே போவதால் லொறிச் சத்தம் கேட்கும், அது ஒரு குறை. ஆனால் அலைச் சத்தம் அதை மூடிவிடுகிறது. என் அம்மா வடமராட்சிக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர். கனடாவுக்கு வந்து இருபத்திரண்டு வருசத்தில் ஏரி என்றால் அவருக்கு ஸ்காபரோவில் நடக்கப் போகிற பிளஃபர்ஸ் பூங்காக் கரைதான். அகாவா பேயில் முதல் நாள் பின்னேரம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றார். குனிந்து உள்ளங்கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பில்லையடா" என்றார். பிறகு கன நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. மறுகரை தெரியாது, தொடுவானம் வளைந்து கிடக்கும், கடல் மாதிரியே அலை வந்து கல்லை உருட்டிக்கொண்டு பின்வாங்கும், ஆனால் கடல் வாசம் மட்டும் இருக்காது. 82,000 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரப்பு, ஆழமான இடத்தில் 406 மீற்றர், பரப்பளவில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி. இந்த எண்களை நான் பலமுறை வாசித்திருந்தேன், அம்மா அப்படி நின்றபோதுதான் அது எவ்வளவு பெரியது என்று எனக்குப் பட்டது.

தண்ணீர் குளிர், ஓகஸ்டிலும் குளிர்தான். பிள்ளைகள் குளிக்க அதே பூங்காவுக்குள் கத்தரின் கோவ் என்று ஆழமில்லாத மணற்கரை ஒன்று இருக்கிறது, அங்கே தண்ணீர் கொஞ்சம் சூடேறி இருக்கும். வடக்கே ஓல்ட் வுமன் பே என்ற இடத்தில் பெரிய பாறைமுகம் ஒன்று ஏரிக்குள் இறங்குகிறது, நிறுத்தி இறங்கிச் சாப்பிட நல்ல இடம்.

அகாவாப் பாறை ஓவியங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்கள் செங்காவியால் வரைந்தவை. கொம்பும் முதுகில் முள்வரிசையும் கொண்ட மிஷிபெஷு என்ற நீர்த் தெய்வமும், பக்கத்தில் ஆட்கள் இருக்கும் ஓடமும், நேரே தண்ணீருக்கு மேலே நிற்கும் பாறையில் இருக்கின்றன. பாதை நீளமில்லை, ஆனால் செங்குத்தான கல் இறக்கம், கடைசியில் தண்ணீருக்குள் சரிந்திருக்கும் பாறை விளிம்பில் நின்றுதான் பார்க்க வேண்டும். மாமிக்கு அது சரிவராது. ஒருவர் மாமியோடு வெளியே இருக்க மற்றவர் ஒன்பது வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போகலாம், ஆறு வயதை நான் கூட்டிப் போகமாட்டேன். ஏரி கொந்தளிப்பாக இருந்தால் போகவே வேண்டாம், அலை ஆளை இழுத்துவிடும். ஓவியத்தில் கை வைக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்கு முதலே சொல்லிவையுங்கள், அது அந்த மக்களுக்கு இன்றைக்கும் புனிதமான இடம், கோயிலுக்குள் போகிற மாதிரிப் போங்கள். மூன்று இரவு இருந்தால்தான் அலை அடங்குகிற ஒரு காலையாவது உங்களுக்குக் கிடைக்கும். எங்களுக்கு மூன்றாம் நாள்தான் கிடைத்தது.

வாவாவில் பெரிய வாத்துச் சிலை இருக்கிறது, பிள்ளைகள் படம் எடுக்கக் கேட்பார்கள். சூவுக்கும் வாவாவுக்கும் இடையில் சாலை 1960இல்தான் திறந்தது, அந்த ஆண்டுதான் முதல் சிலையும் வைத்தார்கள். இப்போது நிற்பது 2017இல் மாற்றியது. அங்கே பெற்றோல் தாங்கியை நிரப்பிக்கொண்டு போங்கள். வாவாவில் இருந்து வைட் ரிவர் 90 கிலோமீற்றர், இடையில் காடுதான். எங்கள் வானில் ஒரு விதி, அரைத் தாங்கிக்குக் கீழே இறங்க விடுவதில்லை.

நேய்ஸ் அமைதியான இடம். நீண்ட மணற்கரை, வெயிலில் வெளுத்த மரக்கட்டைகள் கரை முழுக்க ஒதுங்கிக் கிடக்கும், பிள்ளைகள் அதை அடுக்கி வீடு கட்டியே ஒரு நாளைக் கழித்துவிடுவார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் கைதிகளை அடைத்து வைத்த முகாம் அங்கேதான் இருந்தது. கைதி ஓடினால் எங்கே போவான் என்று என் மகன் கேட்டான், காட்டையும் ஏரியையும் காட்டினேன், அவனுக்கு விளங்கிவிட்டது. பக்கத்தால் ரயில் பாதை போகிறது, இரவில் நீளமான சரக்கு ரயில் சத்தம் கேட்கும், மெல்லிய நித்திரைக்காரர் என்றால் காதடைப்பான் கொண்டுபோங்கள். மரத்தனுக்குப் பக்கத்தில் பக்கசா தேசியப் பூங்காவும் இருக்கிறது. நேய்ஸில் இருந்து ஒரு நாள் போய் ஹற்றி கோவ் பக்கம் சின்ன நடைபாதைகளில் நடந்துவிட்டு வரலாம்.

இடம் பதிவதுதான் எல்லாவற்றிலும் அவசரமான வேலை. ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களுக்கு ஐந்து மாதம் முன்னால், காலை 7 மணிக்குப் பதிவு திறக்கும். ஓகஸ்ட் 8ஆம் திகதி போய் இறங்க வேண்டும் என்றால் மார்ச் 8ஆம் திகதி காலை 6:50க்கே கணினிக்கு முன்னால் இருங்கள். கரையோரத்து இடங்கள்தான் முதலில் போகும். மின்சாரம் உள்ள இடம் எடுங்கள் என்பேன், காசு கொஞ்சம் கூட, ஆனால் மாமிக்கு ஒரு சின்ன ஹீற்றர், உங்களுக்கு ஒரு ரைஸ் குக்கர் இரண்டும் ஓடும். ஓகஸ்ட் இரவிலும் அந்தக் கரையில் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கியதைப் பார்த்திருக்கிறோம். காற்று அடைத்த மெத்தை அடியால் குளிரை ஏற்றும். மாமிக்கு மடக்குக் கட்டிலும் அதன்மேல் தடித்த பஞ்சு விரிப்பும் போடுங்கள், குனிந்து எழும்பவும் லேசு. கழிப்பறைக் கட்டடத்துக்குக் கிட்ட இடம் எடுங்கள், ஆனால் ஒட்டி எடுக்காதீர்கள், இரவு முழுக்கக் கதவு அடிபடும்.

ஓகஸ்டைத் தெரிவுசெய்தது நல்லது. மே நடுவில் இருந்து ஜூன் முடியும்வரை கறுப்பு இலையான் கடித்து இரத்தம் வரவைத்துவிடும், ஜூலையில் நுளம்பு. ஓகஸ்ட் நடுவுக்குப் பிறகு இரண்டும் குறைந்துவிடும். தலையை மூடும் வலைத் தொப்பி ஆளுக்கொன்று இருந்தாலும் பாரமில்லை.

சாப்பாடு. கோழிக்கறி, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு எல்லாவற்றையும் வீட்டிலேயே சமைத்து, ஸிப் பைகளில் தட்டையாகப் போட்டு உறையவைத்து, கூலருக்குள் ஐஸ் கட்டிக்குப் பதிலாக அடுக்குங்கள். ஒவ்வொரு நாளும் மேலே இருப்பதை எடுத்துச் சூடாக்கிச் சோற்றோடோ பாணோடோ சாப்பிடலாம், மூன்று நான்கு நாளுக்கு வரும். பிறகு சூவிலும் மரத்தனிலும் கடைகளில் முட்டை, மரக்கறி கிடைக்கும், ஆனால் மிளகாய்த்தூளும் இடியப்ப மாவும் ஸ்காபரோவில் இருந்தே போக வேண்டும். மீன் பொரிப்பது, கருவாடு சுடுவது இரண்டையும் வீட்டுக்கு வந்து செய்யுங்கள். அது கறுப்புக் கரடியின் நாடு. சாப்பிட்டு முடிந்ததும் கூலர், சட்டி, குப்பை, பற்பசை, பிள்ளையின் பொக்கற்றில் இருக்கும் மிட்டாய் உட்பட மணக்கிற எல்லாம் வானுக்குள் போய்ப் பூட்டுப்பட வேண்டும். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட் கூட வேண்டாம். விறகு இங்கிருந்து ஏற்றிப் போகாதீர்கள், மரங்களை அழிக்கும் பூச்சிகள் அதோடு பயணம் செய்கின்றன, பூங்காவிலேயே வாங்கலாம். காட்டுத்தீ அபாயம் கூடினால் நெருப்பு மூட்டவே தடை வரும், ஆகையால் சமையலுக்குப் புரோப்பேன் அடுப்பை நம்புங்கள், வெளிக்கிட முதல் தடை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓட்டத்தில் ஒரே ஒரு விசயத்தை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். பொழுதுபட்ட பிறகு ஓடாதீர்கள். முதல் பயணத்தில் வைட் ரிவருக்கு இந்தப் பக்கம் இருட்டுப்படும் நேரம், வெளிச்சத்தில் நாலு மெல்லிய மரங்கள் சாலை நடுவில் நிற்கிற மாதிரித் தெரிந்தது. கால்கள். மூஸ் என்ற பெரிய காட்டு மிருகம் ஒன்று, உடம்பு வான் விளக்கு வெளிச்சத்துக்கு மேலே இருட்டோடு இருட்டாக இருந்தது. கண் மினுங்கவே இல்லை, மான் மாதிரி எட்டத்தில் காட்டிக்கொடுக்காது. பிரேக் பிடித்து நின்றபோது எங்களுக்கும் அதற்கும் இடையில் ஒரு கார் நீளம் இருந்திருக்கும். அது எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து போனது. அதன் பிறகு பின்னேரம் ஐந்து மணிக்கு மேல் நாங்கள் சாலையில் இருந்ததில்லை.

போன் பல இடங்களில் எடுக்காது, வரைபடத்தை முன்பே தரவிறக்கி வையுங்கள். திட்டத்தில் அரை நாளாவது சும்மா விடுங்கள், விபத்தோ திருத்த வேலையோ வந்தால் 17ஆம் சாலைக்கு மாற்றுவழி நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் சுற்று. 2016 ஜனவரியில் தண்டர் பே போகிற வழியில் உள்ள நிபிகன் ஆற்றுப் பாலத்தின் தளம் ஒருபக்கம் கிளம்பி மூடப்பட்டபோது, நாட்டின் கிழக்கையும் மேற்கையும் கனடாவுக்குள்ளால் இணைக்கும் ஒரே சாலையே நின்றுபோனது.

தண்டர் பேயைப் பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு, இரண்டு கிழமை லீவோடு போய்ப் பாருங்கள். 40 மீற்றர் உயரக் ககபெக்கா நீர்வீழ்ச்சி, படுத்திருக்கும் ஆளைப் போன்ற ஸ்லீப்பிங் ஜயன்ற் என்ற பாறைமலை, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்க ஒரு செயற்கைக் காலோடு 5,373 கிலோமீற்றர் ஓடி 1980 செப்ரெம்பர் 1இல் டெரி ஃபொக்ஸ் நின்ற இடத்துக்குக் கிட்ட அவருக்கு எழுப்பிய சிலை. அதற்கு முன்னால் நின்று அந்தக் கதையைச் சொன்னால் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முழுதாகப் போய்ச் சேரும்.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை இரவு வந்து திங்கள் வேலைக்குப் போகிற மாதிரிப் போடாதீர்கள். சனிக்கிழமையே வீடு வாருங்கள், கூடாரத்தை விரித்துக் காயப்போட ஒரு முழு நாள் வெயில் வேண்டும்.