காசை எதில் போடுவது? வீட்டு ஒலிச்சாதனம் பற்றிக் கேள்வி பதில்

பதில் சொல்பவர், திருகோணமலையில் நெடுங்காலமாக அம்பிளிபயரும் ஸ்பீக்கரும் பழுதுபார்ப்பவர்.

உவர்மலையிலிருந்து: ஐயா, வெளிநாட்டிலுள்ள மகன் காசு அனுப்புகிறான். நல்ல விலையில் ஒரு செட் வாங்கச் சொல்கிறான். பெறுமதியா?

உங்கள் மண்டபத்தில் நின்று பலமாக ஒரு கை தட்டுங்கள். ஓசை முடிந்த பிறகு 'டிர்ர்' என்று ஒரு வால் நீள்கிறதா? சீமெந்துச் சுவரும் டைல்ஸ் தரையும் ஒன்றுக்கொன்று ஓசையை எறிந்து விளையாடுகின்றன. எத்தனை இலட்சத்துக்கு வாங்கினாலும் அந்த வாலையும் சேர்த்துத்தான் கேட்பீர்கள். கனத்த திரைச்சீலை, கம்பளம், புத்தக அலுமாரி ஆகியவை அதைக் குறைக்கும்.

கீழ்ச்சுருதி வேறு கதை; கம்பளம் அதைத் தொடாது. 12 அடி நீள அறையில் ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 47 முறை அதிரும் தாழ்ந்த ஓசை, சுவருக்குச் சுவர் தேங்கி நிற்கும். சுவரோரம் இருந்தால் காதை அடைக்கும், நடுவில் இருந்தால் காணாமல் போகும். அப்படித் தேங்கும் சுருதிகள் 47 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் உண்டு. தவிலின் தொப்பி அடி ஒரு கதிரையில் கும்மென்றும் அடுத்த கதிரையில் சப்பென்றும் கேட்பது அதனால்தான். கதிரையை இரண்டடி நகர்த்திப் பாருங்கள், செலவில்லை. அதன் பிறகு, காசில் பெரும்பகுதியை ஸ்பீக்கரில் போடுங்கள். சாதனத்துக்குச் சாதனம் வித்தியாசம் அதிகம் தெரிவது அதில்தான்.

கிண்ணியாவிலிருந்து: நானா, ஸ்பீக்கர் வயருக்கு மட்டும் அம்பிளிபயரின் பாதி விலை கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். வீட்டு பிளக்குக்கு இழுக்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் போதும். 3 மீற்றர் தூரத்துக்குப் போய்வர அதன் தடை 0.04 ஓம். உங்கள் ஸ்பீக்கர் 8 ஓம். அதன் முன் வயரின் தடை கணக்கிலேயே வராது. மிச்சக் காசுக்கு மீன் வாங்குங்கள்.

சீனக்குடாவிலிருந்து: 100 வாட்ஸ் செட்டை 200 ஆக்கினால் சத்தம் இரட்டிப்பாகுமா?

ஆகாது. சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் 3 டெசிபல்தான் கூடும். இரட்டிப்பாகக் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அதற்குள் பக்கத்து வீட்டார் வந்துவிடுவார்கள்.

உப்புவெளியிலிருந்து: அண்ணை, கடலுக்கு அருகில் வீடு. ஸ்பீக்கரின் ஓரம் தூளாக உதிர்கிறது. மலிவான சாமான் என்பதாலா?

விலை காரணமில்லை. ஸ்பீக்கரில் அதிரும் கூம்பைச் சுற்றியிருப்பது ஸ்பொஞ்ச். வெப்பமும் ஈரமும் அதைத் தின்னும். விலை கூடியதிலும் ஸ்பொஞ்ச் இருந்தால் இதே கதிதான். கூம்பு கிழியாவிட்டால் புதுச் சுற்று ஒட்டலாம், ஸ்பீக்கரை எறியாதீர்கள். அடுத்த முறை ரப்பர் சுற்று உள்ளதாகப் பார்த்து எடுங்கள். உப்புக் காற்றில் வயர் முனைகளிலும் களிம்பு பிடிக்கும். இடைக்கிடை கழற்றித் துடைத்துப் பூட்டுங்கள்.

பாலையூற்றிலிருந்து: அப்படியானால் விலை கூடியதெல்லாம் ஏமாற்றா?

இல்லை தம்பி. கனமான பெட்டி, பெரிய காந்தம், உரத்து வைத்தாலும் கரகரக்காத கூம்பு ஆகியவற்றுக்குக் காசு செலவாகத்தான் செய்யும். மலிவுச் செட்டிலிருந்து நடுத்தரத்துக்கு ஏறும்போது வித்தியாசத்தை வீட்டில் எல்லோரும் உணர்வார்கள். அதற்கு மேலே போகப் போக, மெருகிட்ட மரத்துக்கும் பெயருக்குமே கூடுதலாகக் கொடுக்கிறோம்.

கடையில் ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு டெசிபல் கூடினால் காது அதைச் சத்தம் என்று சொல்லாது, தெளிவு என்றே சொல்லும். விற்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வேறொருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேளுங்கள். எது எது என்று சொல்ல முடியாவிட்டால் விலை குறைந்ததை எடுங்கள்.