பொலிஸ் ரிப்போர்ட்டுக்குப் பயந்து டிகிரி வாங்காதீங்க அக்கா

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு 22 வயது. சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன். மூன்று வருஷத்துக்கு முன் திருவிழா அடிபிடியில் மாட்டி, லோயர் இல்லாமல் கோர்ட்டில் நின்று, "ஆமாங்க ஐயா" என்று சொல்லிக் காசு கட்டிவிட்டு வந்தான். அன்றிலிருந்து ஹட்டனில் ஒரு வயரிங் பாஸிடம் வேலை. "கேஸ் இருக்கிற பிள்ளைக்கு இனி யார் வேலை கொடுப்பாங்க?" என்று கேட்கிறார். வெள்ளவத்தையில் இருக்கும் பெரியப்பா ஒரு தனியார் கம்ப்யூட்டர் டிகிரியைக் காட்டி, "அதில் சேர்த்துவிடு, பழைய கதையை எல்லாரும் மறந்துடுவாங்க" என்கிறாராம். டவுனில் ஒரு புரோக்கர் வேறு, காசு கொடுத்தால் பொலிஸ் ரிப்போர்ட்டைச் "சுத்தம்" பண்ணித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அக்கா, அந்த டிகிரி வேண்டாம். பட்டம் வாங்கினாலும் பொலிஸ் ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட மாறாது. நகையும் உங்கள் ஈ.பி.எஃப். காசும் போய், நாளைக்கு வெளிநாட்டு வேலைக்கு ரிப்போர்ட் எடுக்கப் போகும்போது இதே பயம்தான் நிற்கும். கம்ப்யூட்டரில் அவனுக்கு ஆசை இருக்கிறது என்று நீங்கள் ஒரு வரி எழுதவில்லை; பெரியப்பாவுக்கு இருக்கிறது. புரோக்கரிடம் ஒரு சதமும் கொடுக்காதீங்க. பொய் ரிப்போர்ட் அகப்பட்டால் அது இன்னொரு கேஸ், அடிபிடியைவிடப் பெரிய கேஸ்.

முதலில் கோர்ட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். காசு கட்டிய துண்டில் வழக்கு இலக்கம் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு மகனே நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய், வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கட்டும். கோர்ட்டில் கட்டிய எல்லாமே நம்மாட்களுக்குத் தண்டம்தான். ஆனால் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவில், வயதையும் குற்றத்தின் சிறுமையையும் பார்த்து, குற்றத் தீர்ப்பு எழுதாமலே எச்சரித்தோ பிணையில் கையெழுத்து வாங்கியோ நீதவான் விடுவிக்கலாம். அப்போதும் அரச செலவு என்று காசு கட்டச் சொல்லலாம். உங்கள் மகனுக்கு அப்படி நடந்திருந்தால், அவன் குற்றவாளியாகத் தீர்க்கப்படவே இல்லை. அடிபட்டவரோடு சமாதானமாகி முடிந்திருந்தாலும் அது விடுதலைதான்.

குற்றவாளி என்றே எழுதியிருந்தால், மனுப் போட்டு அதை மூடி வைக்கிற பொதுச் சட்டம் வளர்ந்தவர்களுக்கு இலங்கையில் இல்லை. ஜனாதிபதியின் பொதுமன்னிப்பு அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரையில் இருக்கிறது. சின்ன அடிபிடிக் கேஸுக்கு அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. பிரதியைச் சட்ட உதவி ஆணைக்குழுவில் ஒருமுறை காட்டுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கென்றே உள்ள இடம் அது.

இனி அவன் கையில் இருக்கிற தொழில். தோட்டத்தில் இதைச் சொல்ல ஆளில்லை: வகுப்பில் உட்காராமலே, செய்த வேலையைக் காட்டி என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வாங்கலாம். நைட்டா போன்ற அரச பயிற்சி நிறுவனங்களில் "முன் கற்றல் அங்கீகாரம்" என்று கேளுங்கள். பாஸிடம் எத்தனை வருஷம், என்னென்ன வேலை என்று கடிதம் வாங்க வேண்டும். வயரிங் செய்த வீடு, கடை, பொருத்திய டி.பி. போர்டு (கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, திகதியோடு ஒரு ஃபைலில் போட வேண்டும். பிறகு மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்டி, கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மதிப்பீடு தமிழில் வேண்டும் என்று விண்ணப்பம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஓ.எல். பெறுபேறு குறைவு என்று யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். சில அலகுகளில் மட்டும் தேறினால் அதற்கும் பதிவு கொடுப்பார்கள். மீதியைப் பழகிக்கொண்டு மறுபடி போகலாம். எர்த்திங் (நிலத்தோடு கம்பி இணைப்பது), டெஸ்டிங் (முடித்த வயரிங்கைச் சோதிப்பது) இரண்டையும் பாஸிடம் இப்போதே நன்றாகக் கேட்டுப் பழகட்டும். கை வேலை தெரிந்தவர்கள்கூட அங்கேதான் தடுமாறுகிறார்கள். என்.வி.கியூ.வில் நான்காம் மட்டம் கிடைத்தால், மேற்பார்வை இல்லாமல் தனியாக வேலை செய்யத் தெரிந்தவன் என்று அர்த்தம். ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு டிகிரி. பெரியப்பா கேட்ட மாதிரி ஒரு டிகிரி அந்தப் பாதையிலும் இருக்கிறது, அவனுக்கு வேண்டுமென்றால் மட்டும்.

செலவு உங்கள் நகையைத் தொடாது. மூன்று வருஷமாக அவன் காலையில் எழுந்து போகிற வேலை இது. விருப்பமில்லாதவன் அப்படிப் போகமாட்டான்.

கடைசியாக வேலைக்குக் கொடுக்கிற விண்ணப்பப் படிவம். "குற்றத் தீர்ப்பு உண்டா?" என்று கேட்டிருந்தால், கோர்ட் பிரதியில் இருப்பதை அப்படியே எழுதி, பிரதியையும் பாஸின் கடிதத்தையும் பின்னால் வைத்துக் கொடுக்கட்டும். கேட்காத இடத்தில் அவனாகச் சொல்லத் தேவையில்லை.