வீட்டு பீர்: பெட்டி வாங்கும் முன்பும், பாட்டில் வெடித்த பின்பும்

கேள்வி: பொழுதுபோக்காக வீட்டில் பீர் தயாரித்துப் பார்க்க ஆசை. புதியவர்களுக்கென்று ‘எல்லாம் அடங்கிய’ பெட்டி விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: முதலில் நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தைப் பாருங்கள். சொந்த உபயோகத்துக்குத் தயாரிக்கலாம், விற்கக் கூடாது என்பது சில நாடுகளில். தயாரிப்பதே குற்றம் என்பது வேறு சில நாடுகளில்.

தடை இல்லையென்றால், பெட்டியின் மேலுள்ள படத்தை விட்டுவிட்டு உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று படியுங்கள். 23 லிட்டர் தயாரிக்க 30 லிட்டர் கொள்ளும் வாளி தேவை. 25 லிட்டர் வாளி என்றால், முதல் இரண்டு நாளில் நுரை ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத, நீர் ஊற்றிய சிறு அடைப்பான்) வழியே பொங்கி வழிந்துவிடும். வாளி உணவுக்கு உகந்த பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். உட்புறம் கீறல் விழுந்தால் கிருமிகள் அதில் குடியேறும், கம்பி நார் போட்டுத் தேய்க்கவே கூடாது.

மலிவான பெட்டிகளில் பெரும்பாலும் விடுபடுபவை ஹைட்ரோமீட்டரும் (திரவத்தின் அடர்த்தியை நீரோடு ஒப்பிட்டுக் காட்டும் கண்ணாடி மிதவை; சர்க்கரை நொதிக்க நொதிக்க அளவு இறங்கும்) நல்ல கிருமிநீக்கியும். இரண்டும் இல்லாத பெட்டி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பாஸ்பாரிக் அமிலம் கலந்த, மறுபடி அலச வேண்டாத கிருமிநீக்கி சிறந்தது. லிட்டருக்கு 1.5 மி.லி. அளவில் கலந்து, இரண்டு நிமிடம் ஈரமாக வைத்திருந்தால் போதும். ஆனால் அது அழுக்கை எடுக்காது. கழுவிச் சுத்தம் செய்த பிறகுதான் இது. ப்ளீச் போட்டுச் சரியாக அலசாவிட்டால் பீரில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியின் வாடை அடிக்கும், அதைப் போக்க வழி கிடையாது.

கேள்வி: காலி பாட்டில்கள் புதிதாக வாங்கி பீர் அடைத்தேன். பத்து நாளில் மூன்று வெடித்துவிட்டன. பாட்டில் தரமில்லாதது என்கிறேன் நான். சர்க்கரை அதிகம் என்கிறார் விற்றவர். யார் சொல்வது சரி?

பதில்: அளந்தால் தெரிந்துவிடும். அதற்கு முன் பாதுகாப்பு: மீதிப் பாட்டில்களை வெறுங்கையால் தொடாதீர்கள். தடித்த கையுறையும் முகத்துக்கு மறைப்பும் அணிந்து, பாட்டிலைக் கனத்த துணியால் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். குளிர்ந்தால் அழுத்தம் குறையும். மறுநாள் துணியோடு பிடித்து மூடியைச் சிறிது சிறிதாக நெம்பி வாயுவை வெளியேற்றுங்கள்.

பிறகு ஒரு பாட்டில் பீரை இரண்டு குவளைகளில் மாற்றி மாற்றி ஊற்றி வாயு முழுவதையும் போக்கி, அறை வெப்பநிலைக்கு வந்ததும் ஹைட்ரோமீட்டரில் அளவெடுங்கள். அடைத்த நாளன்று 1.014 இருந்து இப்போது 1.008 காட்டினால், பீர் நொதித்து முடியும் முன்பே அடைத்திருக்கிறீர்கள், அல்லது நீங்கள் போடாத காட்டு ஈஸ்ட் (ஈஸ்ட் என்பது சர்க்கரையை ஆல்கஹாலும் வாயுவும் ஆக்கும் நுண்ணுயிர்) புகுந்திருக்கிறது. ஒரு புள்ளி (0.001) இறங்குவது, லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம் சர்க்கரை கூடுதலாகப் போட்டதற்குச் சமம். ஆறு புள்ளி என்றால் 12 கிராம். வாயு ஏற்றுவதற்காகப் போடும் சர்க்கரையே லிட்டருக்கு 6 கிராம்தான். அப்படியானால் அழுத்தம் எங்கே போகும் என்று பாருங்கள். எந்தச் சாதாரண பாட்டிலும் தாங்காது. விற்றவரைக் குறை சொல்ல முடியாது.

அளவு இறங்கவில்லை என்றால் அடுத்து பார்க்க வேண்டியது சர்க்கரை. பாட்டிலுக்கு ஒரு கரண்டி என்று போட்டீர்களா? கரண்டி அளவு ஒன்றுபோல வராது, இரட்டிப்பாக விழுந்த பாட்டில் மட்டும் வெடிக்கும். 20 லிட்டருக்கு 120 கிராம் சர்க்கரையை எடை போட்டு, கொஞ்சம் நீரில் கொதிக்கவைத்து ஆற்றி, வேறொரு வாளியில் ஊற்றி, அதன் மேல் பீரைக் குழாய் வழியே அலுங்காமல் இறக்குவதே சரியான முறை. இப்படிச் செய்தும், நொதித்தல் முடிந்திருந்தும் வெடித்தது என்றால் உங்கள் சந்தேகம் நியாயமானது. வெடிக்காத பாட்டில்களின் அடிப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடிக்குள் குமிழி, மெல்லிய விரிசல், ஒரு பக்கம் மெலிவு இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுங்கள். குறிப்பேட்டிலுள்ள அளவுகளையும் படங்களையும் காட்டி மாற்றிக் கேளுங்கள். குறிப்பேடு இல்லாமல் போனால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

இனி அடைக்குமுன், மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளவெடுங்கள். இரண்டும் ஒன்றாகவும், உங்கள் செய்முறை சொல்லும் இறுதி அளவை ஒட்டியும் இருந்தால் மட்டும் அடையுங்கள்.

கேள்வி: புது வாளியின் ஏர்லாக்கில் குமிழியே வரவில்லை. வாளி பழுதா, ஈஸ்ட் பழுதா?

பதில்: இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் வாயு ஓரத்தில் கசிந்துவிடும், ஏர்லாக் சும்மா இருக்கும். மூடியை லேசாக அழுத்துங்கள். ஏர்லாக்கில் நீர் மட்டம் ஏறி, கையை எடுக்காமலே இறங்கிவிட்டால் கசிவு. வாளியை மாற்றிக் கேட்கலாம், ஆனால் உள்ளே இருப்பதைக் கொட்ட வேண்டியதில்லை. உள்ளே விளிம்பில் நுரை படிந்திருந்தால், அளவும் இறங்கியிருந்தால், ஈஸ்ட் வேலை செய்கிறது.

48 மணி நேரம் கழிந்தும் அளவு அசையாவிட்டால் ஈஸ்ட்டைச் சந்தேகிக்கலாம். மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாற்று டப்பாவின் மூடிக்கடியில் வரும் ஈஸ்ட் 5 முதல் 7 கிராம்தான் இருக்கும், டப்பாவோடு வெயிலில் கிடந்திருக்கவும் கூடும். 11 கிராம் பாக்கெட்டைத் தனியாக, தேதி பார்த்து வாங்கிப் போடுங்கள். ஏல் என்னும் பீர் வகைக்கு 18–20 டிகிரி செல்சியஸ் போதும். நொதிக்கும்போது பீரே சில டிகிரி சூடேறும் என்பதால் அறையைவிட வாளியின் வெப்பத்தைக் கவனியுங்கள்.

கேள்வி: தேதி முடியப்போகும் மால்ட் சாற்று டப்பாவைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: கறுப்பு வகை பீருக்கு என்றால் வாங்கலாம். வெளிர் பீருக்கு வேண்டாம், ஏனென்றால் திரவச் சாறு பழையதாக ஆக நிறம் கறுத்துச் சுவையும் மங்கும். டப்பா உப்பியிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். மால்ட் தூள் ஈரம் படாமல் இருந்தால் இதைவிட நெடுநாள் தாங்கும். டப்பாவின் குறிப்பில் ‘1 கிலோ சர்க்கரை சேர்க்கவும்’ என்று இருந்தால், அதற்குப் பதில் அதே எடையில் மால்ட் தூளைப் போடுங்கள். சர்க்கரை போட்ட பீர் தண்ணீர்போல மெலிந்துவிடும்.

கேள்வி: ஹைட்ரோமீட்டருக்குப் பதில், ஒளி விலகலை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினால் இரண்டு சொட்டு போதுமாமே?

பதில்: நொதிக்கும் முன் அளக்க வசதிதான். நொதித்த பிறகு அதிலுள்ள ஆல்கஹால் அளவைக் கெடுத்துவிடும், கணக்குப் போட்டுத் திருத்த வேண்டும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஹைட்ரோமீட்டர். தொடக்கம் 1.045, முடிவு 1.010 என்றால் வித்தியாசமான 0.035-ஐ 131-ஆல் பெருக்குங்கள்: ஆல்கஹால் சுமார் 4.6 சதவீதம். மெல்லிய கண்ணாடி, எளிதில் உடையும். இரண்டாக வாங்கி வையுங்கள்.