பாம்பன் கரைப் பாறையில் டைனோசர் எலும்பு கிடைக்குமா?
பாம்பன் கரையில் கல்லாகிப்போன பவளமும் சிப்பியும் கிடைக்கும்போது டைனோசர் எலும்பு மட்டும் ஏன் கிடைப்பதில்லை என்று கேட்டிருந்தீர்கள். நீர் வற்றும் நேரத்தில் தேனடைபோல் சிறுசிறு கண்களோடு தெரியும் அந்தப் பவளப்பாறை, ரேடியோகார்பன் (உயிரி எச்சத்தில் மிஞ்சியுள்ள கதிரியக்கக் கார்பனை அளந்து வயது கணிக்கும் முறை) கணக்கின்படி பெரும்பாலும் சில ஆயிரம் ஆண்டுகளே பழமையானது. டைனோசர்களோ, பறவைகளை விட்டுவிட்டால், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டன. தமிழ்நாட்டில் அவற்றின் எலும்புகளைத் தேட அரியலூர்ப் பகுதியின் கல்லமேடு மணற்கல் அடுக்குகளுக்குத்தான் செல்ல வேண்டும். ஏறத்தாழ 50,000 ஆண்டுகளைத் தாண்டினால் அளவிடப் போதிய கதிரியக்கக் கார்பன் மிஞ்சாது என்பதால், அங்கே ரேடியோகார்பன் உதவாது. ஆறுகள் படியவைத்த கல்லமேட்டு அடுக்குக்குக் கீழே அம்மோனைட்டுகள் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிரிகள்) கொண்ட கடற்படிவங்களும், மேலே, டைனோசர்கள் மறைந்தபின் வந்த பேலியோசீன் காலத்து நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல்லும் இருப்பதால், இடையில் உள்ள எலும்புகள், டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலமான கிரெட்டேசியசின் இறுதிக் கட்டமான மாஸ்ட்ரிக்டியனைச் சேர்ந்தவை என்று கொள்கிறார்கள். சுற்றிவளைத்த வழிதான், எலும்பையே நேரடியாக அளந்து சொன்ன வயது அல்ல அது.